ஓடா, தகரமா

ஜெர்மனியைப் பற்றி மயில்வாகனத்தாருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று கண்டியில் பலர் சொன்னார்கள். அவரும் அதை மறுத்ததில்லை. பிறந்தது சுன்னாகம், பார்ப்பது கண்டி அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் உத்தியோகம். கப்பலில் கால் வைத்தவரல்லர். ஆனாலும் பெர்லின் பாராளுமன்றத்தில் எந்தக் கட்சிக்கு எந்தப் பக்கம் கதிரை போட்டிருக்கிறது என்று கேட்டால், தம் வீட்டில் உப்புப் போத்தல் இருக்கும் இடத்தைவிடச் சரியாகச் சொல்வார். உப்புப் போத்தல் இருக்கும் இடம் அவருக்குத் தெரியாது என்பது வேறு கதை. அதைச் சொல்லிச் சிரிப்பவர் அவருடைய மனைவி சரோஜினிதேவி.

கச்சேரியில் அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை. பெரியவர்கள் சொல்வதை அழகான எழுத்தில் பிரதி பண்ணுவதுதான் அவருக்கு அங்கே வேலை. அவருடைய எழுத்தை எல்லோரும் மெச்சினார்கள். அந்த எழுத்தில் அவருடைய சொந்த வாக்கியம் ஒன்றுகூட இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் வேறு மனிதர். கொழும்பு வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் தமிழ் வாசிகசாலை இருந்தது. கச்சேரி உத்தியோகத்தர்களும் முஸ்லிம் வியாபாரிகளும் சேர்ந்து தொடங்கியது. சந்தைக்குச் சாமான் வாங்க ஹேவாஹெட்டைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து, மழைக்குக் கம்பளி போர்த்துக்கொண்டு வரும் சனம், ஞாயிறுகளில் அங்கே நீண்ட வாங்கில் நெருங்கி உட்காரும். மயில்வாகனத்தார் தொண்டையைச் செருமிக்கொண்டு பத்திரிகையைப் பிரிப்பார். கொழும்பிலிருந்து ரயிலில் வரும் இங்கிலீஷ் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டே தமிழில் வாசிப்பார். அவர் கையை உயர்த்தினால் வாங்கு முழுவதும் மூச்சை அடக்கும். வாரம் முழுவதும் குனிந்த முதுகு அந்த ஒரு பொழுதில்தான் நிமிரும். அது இல்லாமற்போனால் மயில்வாகனத்தார் என்று ஒருவர் இருப்பது கண்டிக்குத் தெரியவராது.

முன்வரிசையில் எப்போதும் சுந்தரி இருப்பாள். கொழுந்து பறிக்கிறவள். எழுத்துத் தெரியாது. ஆனால் போன ஞாயிறு செய்தி எந்த இடத்தில் நின்றது என்பதை மறக்கமாட்டாள்.

"அந்த மீசைக்காரரு கெலிச்சுப்புட்டாருங்களா ஐயா?"

"எங்கை வெல்லுறது? ஜெர்மன்காரர் படிச்ச சனம், பிள்ளை. வீட்டுக்கு வீடு புத்தக அலுமாரி. உந்தக் கூத்துக்காரனை ஆர் கொண்டுபோய்க் கதிரையிலை இருத்துவினம்?"

"படிச்சவங்க சண்டை போட மாட்டாங்களா?"

"போடுவினம். அதுக்குத்தான் பாராளுமன்றம் வைச்சிருக்கினம்."

சுந்தரி வாசிகசாலையின் நடுவில் இருந்த வாளியை ஒரு தரம் பார்த்தாள். கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. டக்.

அந்த வாளியின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

வாசிகசாலைக் கூரை ஒழுகியது. திருத்த வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எதைக்கொண்டு திருத்துவது என்பதில்தான் வில்லங்கம். உத்தியோகத்தர்கள் ஓடு போட வேண்டும் என்றார்கள். வியாபாரிகள் தகரம் போட வேண்டும் என்றார்கள். ஓட்டுக் கட்சிக்கு மயில்வாகனத்தார் தலைவர். தகரக் கட்சிக்கு, சந்தின் எதிர்ப்பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஜமால்தீன் முதலாளி தலைவர்.

"மழை பெய்தால் தகரம் பறையடிக்கும். பறைக்குக் கீழை இருந்து வாசிக்கேலுமோ?" என்பார் மயில்வாகனத்தார்.

"ஓடு வந்து சேர முந்தி நாம எல்லாம் மௌத்தாப் பெய்த்திருவோம், கிளாக்கர் ஐயா. தகரம் நாளைக்கே போடலாம்" என்பார் ஜமால்தீன்.

ஓட்டுத் தீர்மானம் வெல்லப்போகிறது என்று தெரிந்தால் தகரக்காரர் எழுந்து வெளியே போவார்கள். கூட்டத்துக்கு ஆள் போதாமற் போகும். தகரத் தீர்மானம் வெல்லப்போகிறது என்றால் மற்றவர்கள் எழுந்து போவார்கள். ஒரு நிர்வாக சபை கலைந்து இன்னொன்று வரும். அதுவும் கலையும். தலைவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். வாளி மட்டும் பதவி விலகவில்லை.

வெளியிலும் காலம் கெட்டிருந்தது. தேயிலை விலையும் ரப்பர் விலையும் விழுந்து, கடைகள் ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தன. ஜமால்தீன் கடையில் துணி கிழித்த ஹபீல் என்பவரும் அப்படி நின்றவர்தான். மூன்று பிள்ளைகளின் தகப்பன். வேலையில்லாத பகல்களை வாசிகசாலையில் கழித்தார். ஈரப் பத்திரிகை, ஓயாத வாக்குவாதம், டக் டக் என்ற சொட்டு. "எவனாவது ஒருத்தன் வந்து இந்தக் கூரையப் போட்டாப் போதும்" என்று அவர் சொன்னபோது, சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்த ஒருவர் வந்தார். பெயர் சோதிலிங்கம். ஏலம் கூறுவது தொழில்.

ஏலம் கூறுகிறவனுக்குப் பொருள் முக்கியமில்லை. கால் உடைந்த மேசையாக இருந்தாலும், பக்கத்தில் நிற்கிறவன் அதைக் கொண்டுபோய்விடுவான் என்ற பயத்தை உண்டாக்கிவிட்டால் வேலை முடிந்தது. சோதிலிங்கம் அந்தத் தொழிலை அப்படியே வாசிகசாலைக்குக் கொண்டுவந்தார்.

"கூரை ஒழுகுதெண்டு சொல்லினம்!" என்று ஒரு கூட்டத்தில் கதிரைமேல் ஏறி நின்று முழங்கினார். "நான் கேக்கிறன், ஒழுகுதோ? ஞாயிற்றுக்கிழமையிலை இங்கை ஆர் வருகினம்? தோளிலை என்னத்தைப் போட்டுக்கொண்டு வருகினம்? ஈரக் கம்பளி! அந்த ஈரம் ஆவியாய் மேலை போகுது, கூரையிலை முட்டுது, திரும்பி உங்கட தலையிலை விழுகுது! கூரையிலை பிழையில்லை. கம்பளியிலைதான் பிழை!"

மயில்வாகனத்தார் வயிறு குலுங்கச் சிரித்தார். ஓட்டை வழியாக வானம் தெரிந்தது. ஆனால் மழை எப்படி உண்டாகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தது சிலருக்கு நினைவிருந்தது. ஆவி மேலே போகும், குளிரும், விழும். சரிதானே? அவர்கள் மேலே இருந்த ஓட்டையைப் பார்க்காமல் வாங்கில் காய்ந்துகொண்டிருந்த கம்பளிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

சோதிலிங்கம் 'சுத்தப் படை' என்று ஒன்றை ஆரம்பித்தார். தோளில் ஒரு நீலத் துண்டு. காலையில் வரிசையாக வாவியைச் சுற்றி ஒரு நடை. வேறு வேலை இல்லை. வேலை இல்லாதவர்களுக்கு அது வேலையாக இருந்தது. ஹபீலை யாரோ 'தளபதி' என்று கூப்பிட்டார்கள். வேலை போன நாளிலிருந்து அவரை ஒருவரும் மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. நிமிர்ந்து நடந்தார்.

"படையைப் பாத்தீரோ, முதலாளி?" என்று சந்துக்கு இக்கரையிலிருந்து மயில்வாகனத்தார் கேட்டார்.

"பாத்த, பாத்த. வாவியில தாராக் கூட்டமும் அப்படித்தான் போகுது" என்றார் அக்கரையிலிருந்து ஜமால்தீன். அந்த வருஷத்தில் இரு கட்சிகளும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

தைமாதத்தில் வாசிகசாலைத் தேர்தல் வந்தது. சட்டசபைத் தேர்தலில் ஆளுக்கொரு நிறப் பெட்டி வைத்ததைப் பார்த்துப் பழகியவர்கள் பிஸ்கட் தகரங்களுக்கு நிறம் அடித்தார்கள். ஓட்டுக்குச் சிவப்பு, தகரத்துக்குப் பச்சை, சோதிலிங்கத்துக்கு நீலம். எண்ணிப் பார்த்தபோது ஒருவருக்கும் பாதி தேறவில்லை. நீலம்தான் மூன்றிலும் குறைவு. ஆனால் நீலம் யார் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் வென்றுவிடும்.

மயில்வாகனத்தார் வீட்டுக்குப் போய்ச் சால்வையை மாற்றிக்கொண்டு, கண்ணாடி முன் நின்றார். சரோஜினிதேவி கதவோரத்தில் வந்து நின்றார்.

"இஞ்சேருங்கோ. அந்த ஏலக்காரனைத் தலைவராக்கப் போறியளாம். மெய்யோ?"

"பேருக்குத்தான். செயலாளர் நான். பொருளாளர் எங்கட ஆள். திறப்பு என்ர இடுப்பிலை. அந்தாள் என்ன செய்யேலும்?"

"ஜமால்தீன் முதலாளியோடை ஒத்துப்போனால் என்ன?"

"தகரத்தோடையோ!"

"தகரம் சத்தம் போடும் எண்டுறியள். ஏலக்காரன் போடமாட்டாரோ?"

"உமக்கு அரசியல் விளங்காது."

"விளங்காதுதான். ஆனால் நாயின்ரை சங்கிலி ஆரின்ரை கையிலை இருந்தாலும், பல்லு நாயின்ரை வாயிலைதான் இருக்கு எண்டது விளங்கும்."

மயில்வாகனத்தார் குடையை எடுத்துக்கொண்டு போனார். சோதிலிங்கம் தலைவரானார். வாசிகசாலைக் கதவுப் பூட்டின் திறப்பு செயலாளரின் இடுப்பில் ஏறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் பெரிய செய்தி இருந்தது. ஜெர்மனியில் ஹிட்லரை முதல் மந்திரியாக்கிவிட்டார்கள். மயில்வாகனத்தார் கொஞ்சமும் கலங்கவில்லை.

"பயப்பிடாதையுங்கோ," என்று வாங்குக்கு விளக்கினார். "பேருக்குத்தான். அவரைச் சுத்திப் பெரிய பெரிய பிரபுக்கள் மந்திரியாய் இருக்கினம். பிடி முழுக்க அவையின்ரை கையிலை."

"நம்ம வாசிகசாலை மாதிரிங்களா ஐயா?" என்று சுந்தரி கேட்டாள்.

"ஓம், ஓம்! சரியாய் அப்பிடித்தான்!" என்றார் அவர் சந்தோஷமாக.

மாசி முடியுமுன் இரண்டு காரியங்கள் நடந்தன. பெர்லினில் பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது. கண்டியில், யாரோ கவனமில்லாமல் வைத்த பீடியால் வாசிகசாலைப் பத்திரிகை ஒன்றின் மூலை கருகியது. சோதிலிங்கம் அந்தக் கருகிய மூலையை ஏலப்பொருள் போலத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவசரக் கூட்டம் கூட்டினார். "இண்டைக்கு மூலை! நாளைக்கு முழு வாசிகசாலை!" தலைவர் தாமே விதிகளை ஆக்கவும் மாற்றவும் அதிகாரம் வேண்டும் என்றார். ஓட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டு, அதிகாரம் கிடைத்தால் ஓடு போடுவேன் என்றார். தகரக்காரரிடம் தகரம் என்றார்.

அவர் எழுதிக்கொண்டு வந்த தீர்மானத்தை மயில்வாகனத்தார் பார்த்தார். எழுத்துப்பிழை மலிந்து, தலையும் வாலுமில்லாமல் கிடந்தது. ஒரு கிளாக்கரால் பொறுக்க முடிகிற விஷயமா அது? "இப்பிடி எழுதினால் செல்லாது, இஞ்சை தாரும்" என்று வாங்கித் தாமே திருத்தி எழுதினார். பிழைகளைக் களைந்தார். எதிர்காலத்தில் யாரும் கேள்வி கேட்க முடியாதபடி சந்துபொந்துகளை அடைத்தார். கடைசியில், தம் சாமர்த்தியத்தைத் தாமே மெச்சியபடி, ஒரு காவலும் வைத்தார்: 'கூரை வேலை முடியும்வரைக்கும்.' கூரை முடிந்தால் அதிகாரமும் முடிந்தது. வாழ்நாளில் அவர் எழுதிய முதல் சொந்த வாக்கியம் அது. இரு கட்சிகளும் கை தூக்கின. கூட்டத்திலிருந்து யாரும் எழுந்து வெளியே போகாதது அன்று மட்டும்தான்.

கூரை வேலை முடியும்வரைக்கும் அதிகாரம் என்றால், அதிகாரம் வைத்திருப்பவர் கூரையை ஏன் முடிக்கப்போகிறார்? இந்தக் கேள்வி மயில்வாகனத்தாருக்குச் சித்திரை மாதத்தில் தோன்றியது. அப்போது நேரமாகிவிட்டது.

முதலில் வாளி போனது. நன்றாக இருக்கும் கூரைக்குக் கீழே வாளி வைப்பது சங்கத்துக்கு அவமரியாதை என்று விதி வந்தது. சொட்டு வாங்கில் விழுந்தது. ஒழுகுகிறது என்று சொன்ன இரண்டு பேரை உறுப்பினர் இல்லை என்று நீக்கினார்கள். இருந்தவர்கள் நனையாத பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து பேசாமல் வாசித்தார்கள். பிறகு கதவில் புதுப் பூட்டு தொங்கியது. திறப்பு மயில்வாகனத்தாரின் இடுப்பில் பத்திரமாகத்தான் இருந்தது. திறக்க வேண்டிய பூட்டுத்தான் இல்லை.

ஆனியில் ஒரு நாள் சோதிலிங்கம் அவரைக் கூப்பிட்டு, "வாசலுக்கு ஒரு பலகை வேணும். உங்கட எழுத்துத்தான் எழுத்து" என்றார். எழுத வேண்டியதைச் சொன்னார். மயில்வாகனத்தார் தயங்கினார். பிறகு, ஈரக் கம்பளிக்குத்தானே தடை, காய்ந்த கம்பளிக்கு இல்லையே என்று தம் மனதைச் சமாதானம் பண்ணிக்கொண்டார். மலைநாட்டில் ஆனி ஆடியில் காய்ந்த கம்பளியை யார் கண்டது என்று அவருக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் தூரிகையை எடுத்து, முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குத் தடிமனும் காய்ச்சலும் வந்தன. சரோஜினிதேவி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் பலகையிலை இருக்கு, உடம்பிலை இல்லை" என்றார். ஆடியில் ஒரு ஞாயிறு அவரால் வீட்டில் இருக்க முடியவில்லை. பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டார்.

மழை பிடித்துக்கொண்டிருந்தது. வாசிகசாலை வாசலில் தோட்டத்துச் சனம் நின்றது. கம்பளிகளிலிருந்து நீர் வடிந்தது. படியில் ஹபீல், நீலத் துண்டோடு, கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றார். மயில்வாகனத்தாரைக் கண்டதும் சுந்தரி முகம் மலர்ந்தாள்.

"ஐயா வந்துட்டாரு! ஒடம்பு தேவலைங்களா? நாங்க வர்றப்பல்லாம் உள்ள விட மாட்டேங்கறாங்க. கேட்டா பலகையப் பாருங்கிறாங்க. எங்களுக்கு என்னத்தத் தெரியும்? நீங்க வாசிங்க ஐயா."

சனம் வழக்கம்போல அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டது. செய்தி கேட்கும்போது நிற்பதுபோலவே, மூச்சை அடக்கிக்கொண்டு. அவர் பழக்கத்தில் தொண்டையைச் செருமினார். பிறகு மெல்ல வாசித்தார்.

"சத்தமா வாசிங்க ஐயா! பின்னால கேக்கல!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

மயில்வாகனத்தார் சத்தமாக வாசித்தார். "கம்பளி அணிந்து வருவோரால் கூரைக்கும் நூல்களுக்கும் சேதம் உண்டாவதால், ஈரக் கம்பளியுடன் வருவோர் உள்ளே வரலாகாது."

சுந்தரி பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"யாருங்க எழுதுனது?"

"எழுத்து என்ரைதான், பிள்ளை."

"அதான் இம்புட்டு அழகா இருக்கு," என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். "சரிங்க. அப்ப நாங்க போறோம்."

"செயலாளர் ஐயா, நீங்க உள்ளுக்கு வாங்க. உங்களுக்குத் தடை இல்ல" என்றார் ஹபீல்.

உள்ளே வாங்கு நீண்டு கிடந்தது. அதில் ஒருவரும் இல்லை. டக் என்று ஒரு சொட்டு விழுந்தது. மயில்வாகனத்தார் அந்த வெறும் வாங்கைப் பார்த்தார். படியிலிருந்து இறங்கினார்.

"நில்லுங்கோ!" என்று சனத்தின் பின்னால் கூப்பிட்டார். "வாசிக்கிறன். நில்லுங்கோ." எங்கே வைத்து வாசிப்பது என்று அவருக்கே தெரியவில்லை. குடை அவரையும் பத்திரிகையையும் மட்டும்தான் மறைத்தது.

சந்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "கிளாக்கர் ஐயா! எல்லாரையும் கூட்டிக்கிட்டு இங்கிட்டு வாங்க. தகரந்தான். மன்னிச்சுக்கோங்க!"

ஜமால்தீன் கடையின் முன்தாழ்வாரத்தில் எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். மயில்வாகனத்தார் பத்திரிகையைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினார். மழை தகரத்தில் இடித்தது. அவர் கத்தினார். வாய் அசைவது தெரிந்தது, வேறொன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தில் திடீரென்று பெரிய வெளிச்சம் வந்தது.

"நான் சொன்னன்தானே!" என்று ஜமால்தீனின் காதுக்குள் கூவினார். "தகரத்துக்குக் கீழை வாசிக்கேலாது எண்டு அப்பவே சொன்னன்தானே!"

"சொன்னீங்க, சொன்னீங்க!" ஜமால்தீனும் கூவினார். "அந்தா, ஓட்டைக் கூரைக்குக் கீழ வாசிக்க உட்டாங்களா?"

மழை கொஞ்சம் தணிந்ததும் ஜமால்தீன் மயில்வாகனத்தார் பக்கம் சாய்ந்தார்.

"ஒரு விஷயம், கோவிக்கப்படாது. நீங்க அவனுக்கிட்டப் போறதுக்கு முதல் நாள் நானும் போன. தலைவர் நீ, செயலாளர் நான் எண்டு. சரியெண்டு சொல்லி இதையும் தந்துட்டான்."

சட்டைப் பையிலிருந்து ஒரு திறப்பை எடுத்துக் காட்டினார். மயில்வாகனத்தார் தம் இடுப்பிலிருந்ததை எடுத்துப் பக்கத்தில் பிடித்தார். இரண்டும் ஒரே பழைய பூட்டின் திறப்பு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை.

"ரெண்டு பேருஞ் சேர்ந்தா அவன் வந்தே ஈக்க மாட்டான்" என்றார் ஜமால்தீன், சிரித்து முடிந்த பிறகு.

"ஓம்," என்றார் மயில்வாகனத்தார். "ஆனால் ஓடுதான் நல்லது."

சுந்தரி பொறுமையிழந்தாள். "ஐயா, மழ வுட்டிருக்கையில வாசிங்க. ஜெர்மனி என்னாச்சு?"

அவர் பத்திரிகையைப் பார்த்தார். ஜெர்மனியில் இனி ஒரு கட்சிதான் இருக்கலாம், மற்றக் கட்சி எதுவும் இருக்கக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். வழக்கம்போல விளக்கம் ஒன்றும் சொல்லாமல் அதை மட்டும் வாசித்தார்.

"அப்ப மத்த கச்சிக்காரங்கல்லாம் எங்கங்க?"

"சில பேர் மறியலிலை, கம்பிக்குப் பின்னாலை, பிள்ளை." சந்துக்கு அப்பால் திறந்து கிடந்த வெறும் வாசிகசாலையைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற ஜமால்தீனைப் பார்த்தார். "மிச்சப் பேர் ஆரின்ரையோ கடைத் தகரத்துக்குக் கீழை ஒதுங்கி நிக்கினமாக்கும். இப்பதான் ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்கத் தொடங்கியிருப்பினம்."

மழை மறுபடி வலுத்தது. எதிரே படியில் நின்ற ஹபீலும், நீலத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் முன்னால் வந்து காதைக் கொடுத்தார்.

"சத்தமா வாசிங்க ஐயா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

மயில்வாகனத்தார் தகரத்தை ஒரு தரம் முறைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் சத்தமாக வாசித்தார்.